பசியை அறியாத கொடை

1

பள்ளியில் உயிரியல் பாடத்துக்கு நாங்கள் எல்லோரும் வரைந்த படம் ஒன்று உண்டு. ஒரு பயற்றஞ்செடி. அதன் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள். செடியிலிருந்து முடிச்சுக்கு ஓர் அம்புக்குறி, அதன்மேல் ‘சர்க்கரை’. முடிச்சிலிருந்து செடிக்கு இன்னோர் அம்புக்குறி, அதன்மேல் ‘நைட்ரஜன்’. கீழே ஒரு வரி: இதனால் இரு உயிர்களும் பயனடைகின்றன. இவ்வளவு எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

அந்த இரண்டாவது அம்புக்குறியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வேர்முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் வகைப் பாக்டீரியா செடிக்கு நைட்ரஜனைக் ‘கொடுக்கிறது’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். கொடுப்பது என்றால் என்ன? என்னிடம் ஒன்று இருக்கிறது, எனக்கும் அது தேவைதான், ஆனாலும் தெரிந்தே உனக்குத் தருகிறேன். குறைந்தபட்சம் இவ்வளவாவது இருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள். பாக்டீரியாவுக்கு ‘தெரிந்தே’ என்ற பேச்சே இல்லை என்பது உண்மைதான். அதை அப்புறம் பார்ப்போம். அதற்கு முன்னால் ‘எனக்கும் தேவை’ என்ற பகுதியே அங்கே என்ன ஆகிறது என்று பார்த்தால், விஷயம் நான் நினைத்ததைவிடச் சிக்கலாக இருக்கிறது.

நான் உயிரியல் படித்தவன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, ஒரு ரசாயன ஆலையில் சென்சார்களையும் வால்வுகளையும் கட்டி மேய்க்கிறவன். ஆக்ஸிஜன் அளக்கும் கருவிகளைப் பற்றி எதையோ தேடப்போய், ஒரு பாக்டீரியாவின் உடலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது என்று காட்டிய 1991ஆம் ஆண்டு ஆய்வு கண்ணில் பட்டது. அங்கிருந்து நூல் பிடித்துக்கொண்டு போனவன், எங்கள் வீட்டுச் சமையலறையில் வந்து நின்றேன்.

2

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அதில் மூழ்கித்தான் வாழ்கிறோம், ஆனாலும் ஒரு துளி நமக்குப் பயன்படாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அதை உடைத்து அம்மோனியாவாக்கினால்தான் உயிர்கள் அதைத் தொட முடியும். மனிதன் இதை ஆலை அளவில் செய்யத் தொடங்கியது 1913இல், ஜெர்மனியின் ஒப்பாவ் என்ற ஊரில். 400, 500 டிகிரி செல்சியஸ் வெப்பம், வளிமண்டலத்தைப்போல் 100 மடங்குக்கும் மேலான அழுத்தம், இரும்பு வினையூக்கி. இவ்வளவும் வேண்டியிருந்தது.

பாக்டீரியா அதையே மண்ணின் சாதாரணச் சூட்டில் செய்துவிடுகிறது. அதற்கான நொதியின் பெயர் நைட்ரஜனேஸ். ஆனால் செலவு அதிகம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அம்மோனியாவாக்கக் குறைந்தது 16 ஏடிபி கரைகிறது. ஏடிபி என்பது செல்லின் கைக்காசு. போதாததற்கு, ஆக்ஸிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுப்போகும். அவ்வளவு செலவு செய்து கட்டிய இயந்திரம் ஒரு மூச்சுக்காற்றில் பாழாகிவிடும்.

ஆகவே இந்த இயந்திரத்தை வைத்திருக்கும் எந்த உயிரும் அதைச் சும்மா ஓடவிடுவதில்லை. மண்ணில் தனியாக வாழ்ந்து நைட்ரஜன் பிடிக்கும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். நைட்ரஜனேஸ் மரபணுக்களைத் திறக்கும் சாவி நிஃப்-ஏ என்ற புரதம். அந்தச் சாவியைக் கையோடு பிடித்து வைத்திருக்கும் காவலாளி நிஃப்-எல். காவலாளி இரண்டு கேள்விகள் கேட்கிறான். உடம்பில் நைட்ரஜன் குறைந்திருக்கிறதா? சுற்றிலும் ஆக்ஸிஜன் இல்லாமல் இருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால்தான் சாவி கைமாறும்.

எங்கள் ஆலையில் இதற்கு இன்டர்லாக் என்று பெயர். இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறாமல் பம்பு ஓடாது. முதல் கேள்வி பசியைப் பற்றியது, இரண்டாவது பாதுகாப்பைப் பற்றியது. எனக்குத் தேவையா, இப்போது முடியுமா? பாதையோரத்துத் தேநீர்க்கடைக்காரர்கூட அடுப்பைப் பற்றவைக்கும் முன் இந்த இரண்டையும்தான் யோசிப்பார்.

3

வேர்முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியத்தின் கதை வேறு.

நைட்ரஜன் பற்றாத மண்ணில் செடியின் வேர், ஃபிளேவனாய்டு என்ற பொருளைக் கசியவிடுகிறது. அதை உணர்ந்த பாக்டீரியா பதிலுக்கு ஒரு வேதிச் சமிக்ஞை அனுப்புகிறது. வேர்த்தூவி வளைந்து பாக்டீரியாவைச் சுருட்டிக்கொள்கிறது. ஒரு குழாய் வழியாக உள்ளே போகும் பாக்டீரியாக்களைச் செடி தன்னுடைய சவ்வால் போர்த்திக்கொள்கிறது. அதன்பிறகு பாக்டீரியாவுக்கு வெளியுலகம் என்று ஒன்றில்லை. உணவு, காற்று எல்லாமே அந்தச் சவ்வைக் கடந்துதான் வர வேண்டும்.

முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் லெக்ஹீமோகுளோபினுடையது. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் தூரத்துச் சொந்தம். ஜப்பானிய அறிஞர் குபோ 1939இல் இதை அடையாளம் கண்டார். செடி தயாரிக்கும் இந்தப் புரதம் ஆக்ஸிஜனைப் பிடித்து அளந்து அளந்து விடுகிறது. முடிச்சுக்குள் தனியாகத் திரியும் ஆக்ஸிஜன், காற்றுபட்ட தண்ணீரில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பாக்டீரியா மூச்சுவிடலாம், நைட்ரஜனேஸும் கெடாது. அந்த அளவில் செடி வைத்திருக்கிறது.

இங்கேதான் நான் படித்த அந்த சென்சார் வருகிறது. குதிரைமசால் வேரில் வாழும் ரைசோபியத்தில் அதன் பெயர் ஃபிக்ஸ்-எல். அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. அதன்மேல் ஆக்ஸிஜன் உட்கார்ந்திருக்கும்வரை அது சும்மா இருக்கும். ஆக்ஸிஜன் எழுந்து போனதும் ஃபிக்ஸ்-ஜே என்ற இன்னொரு புரதத்தைத் தட்டி எழுப்பும். ஃபிக்ஸ்-ஜே இரண்டு கதவுகளைத் திறக்கும். ஒன்று, மிகக் குறைந்த ஆக்ஸிஜனிலும் மூச்சுவிட உதவும் நொதிகளுக்கான வழி. மற்றொன்று நிஃப்-ஏ, அதாவது நைட்ரஜனேஸுக்கான சாவி.

இதைப் படித்தபோது நான் தேடியது அந்த முதல் கேள்வியை. உடம்பில் நைட்ரஜன் குறைந்திருக்கிறதா? இந்தச் சங்கிலியில் அது இல்லை. காவலாளி நிஃப்-எல் இல்லை. ஆக்ஸிஜன் குறைந்தால் சாவி திரும்பும், அவ்வளவுதான். அந்த ஆக்ஸிஜனின் அளவோ செடியின் கையில்.

அதோடு முடியவில்லை. தனியாக வாழும்போது பாக்டீரியா அம்மோனியாவைக் கண்டால் உடனே அமினோ அமிலமாக மாற்றித் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். முடிச்சுக்குள் அந்த வேலை பெரும்பாலும் அடங்கிப்போகிறது. பிடித்த அம்மோனியா வெளியே கசிந்து செடிக்குப் போகிறது. 2009இல் பட்டாணி வேர்முடிச்சுகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செய்யும் வேலையை அங்குள்ள பாக்டீரியா ஓரங்கட்டிவிடுகிறது. அவற்றைச் செடிதான் ஊட்ட வேண்டும். செடியின் வயலுக்கே நைட்ரஜன் தரும் ஓர் உயிர், தன் உடம்புக்கு வேண்டிய நைட்ரஜன் பொருள்களுக்குச் செடியிடம் கையேந்துகிறது.

மொத்தத்தில், அது நைட்ரஜனைக் கொடுப்பதற்குக் காரணம் தனக்குப் போதும் என்று அது கண்டுகொண்டது அல்ல. போதுமா என்ற கேள்வி அந்த வேலையிலிருந்து கழற்றிவிடப்பட்டிருக்கிறது.

4

எங்கள் அம்மா சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மறுநடவு செய்த இளமரங்களின் நிரைகளுக்கு நடுவே ஒரு கொடியைப் படரவிடுவார்கள் என்று சொல்வார். பியூரேரியா, செண்ட்ரோசீமா, கலப்பகோனியம் என்று அவற்றுக்குப் புத்தகத்தில் பெயர்கள் உண்டு. அம்மாவுக்கு எல்லாமே ‘கொடி’தான். பாம்பு இருக்கும், காலைப் பார்த்து வைக்கணும். அது எல்லாமே பயற்றங்குடும்பம், வேரிலேயே உரம் செய்யும் என்று நான் விளக்கியபோது, “அதானே பார்த்தேன், தோட்டத்துக்காரன் சும்மா நடுவானா?” என்றார்.

அம்மாவிடம் நாங்கள் சிறுவயதில் அதிகம் கேட்ட சொல் “பசிக்கல.” மீன் நாலு துண்டுதான் இருக்கும், நாங்கள் நாலு பேர், அப்பாவையும் அம்மாவையும் சேர்த்தால் ஆறு. “எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க.” இது பொய் என்று எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அந்தப் பொய்யைக் கொடை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. பசி இருந்தது. பசிக்கிறது என்று உடம்பு சொன்னது. அதைக் கேட்டுவிட்டுத்தான் அம்மா தட்டை எங்கள் பக்கம் தள்ளினார்.

இப்போது வீட்டில் மீனுக்குக் குறைவில்லை. அம்மா இன்னமும் கடைசியில்தான் சாப்பிடுகிறார். சில நாள் மூன்று மணிக்குத்தான், நாங்கள் யாராவது கேட்ட பிறகு. “ஏம்மா சாப்பிடல?” என்றால், “பசிக்கல ஐயா.” இந்தப் ‘பசிக்கல’ பொய் இல்லை. அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. முப்பது வருடம் சொல்லிச் சொல்லி அது உண்மையாகிவிட்டது.

ஆலையில் ஒரு சென்சார் அடிக்கடி அலாரம் அடித்து உற்பத்தியை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அதை பைபாஸ் செய்யலாம். சென்சார் என்ன சொன்னாலும் ‘எல்லாம் சரி’ என்றே கண்ட்ரோல் ரூமுக்குச் செய்தி போகும். பம்பு ஓடும். உற்பத்தி கணக்கு அழகாக இருக்கும். ஆனால் இப்படிச் செய்வதற்கு ஒரு தாள் உண்டு. எந்த சென்சார், எதற்காக, எத்தனை மணிக்குத் திரும்பப் பழையபடி வைக்கப்படும், யார் பொறுப்பு? எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பைபாஸ் செய்வது குற்றம் இல்லை. பைபாஸ் செய்ததை மறந்துபோவதுதான் குற்றம்.

வீட்டில் அப்படி ஒரு தாள் இல்லை. எங்கள் அக்கா எஸ்.பி.எம். முடித்ததும் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். ‘இப்போதைக்கு’ என்றுதான் பேச்சு. அப்பாவுக்கு உடம்பு சரியானதும் மேலே படிக்கலாம். அப்பாவுக்கு உடம்பு சரியானது. அதற்குள் வீட்டுத் தவணை வந்தது, அதன்பிறகு என் படிப்பு வந்தது. கடன் போக மீதிச் செலவெல்லாம் அக்காவின் ஓவர்டைம். எந்தத் தேதியில் அந்த ‘இப்போதைக்கு’ முடியும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உற்பத்தி கணக்கு அழகாக இருந்தது. ஒரு பொறியியலாளன், ஒரு செவிலியர், ஒரு கணக்காளர். உறவினர் வீட்டு விசேஷங்களில் “அவ இல்லன்னா இந்தக் குடும்பம் இல்ல” என்று எல்லோரும் அக்காவைப் புகழ்வார்கள். அக்கா சிரிப்பார்.

5

நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு உடனே மறுத்தார். “பாக்டீரியாவுக்கு மனசே இல்ல. அதப் போயி உங்க அம்மாவோட ஒப்பிடுறியே.” நியாயமான மறுப்பு. இயற்கையில் இப்படி இருக்கிறது, ஆகவே மனிதர்கள் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது ஒரு பிழை. இயற்கையில் இப்படி இருக்கிறது, ஆகவே அது கொடுமை என்று செடியின்மேல் வழக்குப் போடுவது இன்னொரு பிழை. செடி எதையும் திட்டமிடவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் எது தங்கியதோ அது தங்கியிருக்கிறது. நான் பாக்டீரியாவிடம் பாடம் கேட்கவில்லை. வழக்கமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும் இரண்டு விஷயங்களை அது எனக்குப் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று, பிறருக்குப் பயன்படுவது. மற்றொன்று, தன் தேவையை அறிந்து கொடுப்பது. முதலாவது இருக்கும் இடத்திலெல்லாம் இரண்டாவதும் இருக்கும் என்று எண்ணிப் பழகிவிட்டோம்.

இன்னொரு மறுப்பும் உண்டு. பாக்டீரியாவுக்கும் லாபம்தானே? உண்மை. சோயாவிலும் தட்டைப்பயற்றிலும் முடிச்சு முதிர்ந்து உடையும்போது உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள் மண்ணுக்குத் திரும்பி மறுபடியும் தனியாகப் பெருக முடியும். உள்ளே போனது ஒன்றிரண்டு, வெளியே வருவது லட்சக்கணக்கில். இதை அடிமைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் குதிரைமசால் கூட்டத்தில் கதை மாறுகிறது. செடி நூற்றுக்கணக்கான சிறு புரதங்களைப் பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறது. அவை பட்டதும் பாக்டீரியா நீண்டு வீங்குகிறது, மரபுப்பொருள் பல மடங்காகிறது, பிரிந்து பெருகும் திறன் நிரந்தரமாகப் போய்விடுகிறது. நைட்ரஜன் பிடிக்கும், அதற்குமேல் அதற்கு வம்சம் கிடையாது. 2010இல் வெளிவந்த ஆய்வு அந்தப் புரதங்கள்தான் இதைச் செய்கின்றன என்று காட்டியது. வெளியே வருவது அந்த முடிச்சில் உருமாறாமல் தப்பித்த சொந்தங்கள் மட்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வேரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு செடியும் பச்சையாகத்தான் நிற்கும். என் பள்ளிக்கூடப் படத்தின் அம்புக்குறிகளிலும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: திரும்பிப் போக வழி இருக்கிறதா?

நம் தோட்ட வரலாற்றில் இந்தக் கேள்வி புதியது இல்லை. வேலையோடு வீடு வந்தது. லயத்துக்குப் பக்கத்திலேயே கடை, கோயில், கள்ளுக்கடை, பள்ளி. வேலை போனால் வீடும் போகும். “எல்லாத்தையும் தோட்டமே பாத்துக்கிச்சு” என்று இன்றும் ஏக்கத்தோடு சொல்லும் பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோது அதே பெரியவர்கள் எந்த ஊரில் போய் நிற்பது என்று தெரியாமல் நின்றதும் பொய் இல்லை. பார்த்துக்கொள்ளப்படுவதும் வெளியேற முடியாமல் இருப்பதும் ஒரே சவ்வின் இரண்டு பக்கங்களாக இருக்கலாம்.

கொடுக்காதவர்களைச் செடி என்ன செய்கிறது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2003இல் டோபி கியர்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் சோயா வேரைச் சுற்றியுள்ள காற்றில் நைட்ரஜனுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை வைத்தார்கள். அந்த முடிச்சுகளில் பாக்டீரியா நைட்ரஜன் பிடிக்க வழியே இல்லை. கொஞ்ச நாளில் அங்கே பாக்டீரியாவின் பெருக்கம் வெகுவாகக் குறைந்தது. செடி அந்த முடிச்சுகளுக்கு ஆக்ஸிஜனைக் குறைத்துவிட்டது என்பதற்கான தடயங்களும் கிடைத்தன. ஆய்வுலகில் இதற்கு ‘தண்டனை’ என்ற பொருள் தரும் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். கவனித்துப் பாருங்கள். அந்தப் பாக்டீரியா ஏமாற்றவில்லை. அதற்கு நைட்ரஜன் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். முடியாதவரையும் மறுத்தவரையும் பிரித்துப் பார்க்கும் வசதி செடிக்கு இல்லை. அதற்குத் தெரிவது வரவு மட்டும். மனிதக் குடும்பம் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை போன அண்ணனிடம் வீட்டில் எல்லோருக்கும் பேச்சு குறைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

6

சரி, அம்மாவையோ அக்காவையோ நேரடியாகக் கேட்டால் என்ன? ‘நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?’ கேட்டால் ‘இருக்கோம்’ என்பார்கள். அதோடு நம் மனசாட்சியும் தூங்கிவிடும்.

இந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அமர்த்தியா சென் ஓர் எடுத்துக்காட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். வங்காளப் பெரும்பஞ்சத்துக்கு மறுவருடம், 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் மக்களின் உடல்நிலை குறித்து ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தங்களுக்கு உடம்பு சரியில்லை, அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. அந்தக் காலத்து வங்காளத்தில் விதவைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களுடைய உடம்பு ஆண்களுடையதைவிட இருபது மடங்கு நன்றாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குறையைக் குறையாக உணரும் உரிமையே அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது.

பைபாஸ் செய்த சென்சாரைப் பார்த்து ‘எல்லாம் சரியா?’ என்று கேட்டால் ‘எல்லாம் சரி’ என்றுதான் காட்டும். அதற்காகத்தானே பைபாஸ் செய்தோம்? ஆகவே குறை சொல்லவில்லை என்பது, குறை இல்லை என்பதற்குச் சான்றாகாது. நம் சமூகத்தில் இதை நேர்மாறாகப் புரிந்துகொண்டு ஒரு முழு அறத்தையே கட்டியிருக்கிறோம். தனக்கென்று எதுவும் கேட்காத தாய், முகம் சுளிக்காத மருமகள், வாய் திறக்காத மூத்த பிள்ளை. கேட்காததையே பண்பு என்று பாராட்டப் பாராட்ட, கேட்கும் வழி இன்னும் அடைபடுகிறது. அந்தப் பாராட்டைச் செலவில்லாத சம்பளம் என்றும் சொல்லலாம்.

இங்கே எனக்கே ஒரு தடுமாற்றம் உண்டு. அம்மாவிடம் போய், ‘உன் தியாகம் உண்மையில் கொடையே இல்லை, உன் சென்சார் பழுதாகிவிட்டது’ என்று சொன்னால் அதைவிட அவமானம் வேறில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கையை அவர் கையிலிருந்து பிடுங்குவது போலாகும். ஆரம்ப நாள்களில் தெரிந்தே தட்டைத் தள்ளியவர் அவர். அந்த முதல் ஆயிரம் ‘பசிக்கல’ அவருடையது. பின்னால் வந்தவற்றுக்குப் பொறுப்பு, வசதி வந்த பிறகும் அந்தத் தட்டைத் திருப்பித் தள்ளாத நம்முடையது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தால் அது அந்த ஷிப்டில் இருந்தவர்கள் எல்லோர் கணக்கிலும்தான் சேரும்.

7

தன் தேவையை உணராதவரே அதிகம் கொடுப்பார் என்று ஒருவர் வாதாடலாம். நானும் அறிவியல் அப்படித்தான் முடியும் என்று எதிர்பார்த்தேன். ரைசோபியத்தில் நைட்ரஜன் நிலையை உணரும் புரதம் ஒன்றுண்டு, பெயர் ஜிஎல்என்-டி. நைட்ரஜனேஸைத் திறக்கும் சங்கிலியில் பசிக்கு இடமில்லை என்றேன். ஆனால் செல்லின் மற்ற வேலைகளில் இந்த உணர்வு முழுக்க அழிந்துவிடவில்லை. 2008இல் யுர்கெல், கான் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தின் ஒரு பகுதி சிதைந்த பாக்டீரியாவைக் குதிரைமசால் வேரில் குடியேற்றினார்கள். முடிச்சு உருவானது. பாக்டீரியா நைட்ரஜனைப் பிடித்தது. ஆனால் செடி நைட்ரஜன் இல்லாமல் வாடியது.

இதைப் படித்த அன்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிடிப்பது ஒரு வேலை, அது போய்ச் சேருவது இன்னொரு வேலை. தன் நைட்ரஜன் நிலையை உணரும் கருவி கெட்டபோது முதல் வேலை நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. தன் தேவையை உணர்வது கொடுப்பதற்குத் தடை என்றுதான் நாம் நினைக்கிறோம். அந்தப் பாக்டீரியாவில் அது கொடுப்பதன் ஒரு பகுதியாகவே இருந்திருக்கிறது.

மனிதர்களிடம் இதற்குச் சோதனைக்கூடம் தேவையில்லை. தன் பசி தெரியாத அம்மாவுக்கு எங்கள் பசி அடங்கியதும் தெரிவதில்லை. “இன்னும் ஒரு கரண்டி” என்று வைத்துக்கொண்டே இருப்பார். தன் சோர்வை உணராதவர் பிறர் சோர்வையும் சோம்பேறித்தனம் என்று நினைக்கக்கூடும். “நாங்கல்லாம் அந்தக் காலத்துல...” என்று தொடங்கும் எல்லாப் பேச்சுகளிலும் இது இருக்கிறது.

திருக்குறளில் ‘ஈகை’ என்ற அதிகாரத்துக்கு முன்னால் இன்னோர் அதிகாரம் இருக்கிறது: ‘ஒப்புரவறிதல்’. ஒப்புரவு என்று மட்டும் பெயரிட்டிருக்கலாம். கூடவே ‘அறிதல்’ இருக்கிறது. பெற்றுக்கொண்டவரைப் பற்றிய அதிகாரமும் வெறும் நன்றி இல்லை, ‘செய்ந்நன்றி அறிதல்’. கொடுக்கிற பக்கமும் வாங்குகிற பக்கமும் ஏதோ ஒன்றை அறிய வேண்டியிருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். வேர்முடிச்சில் இல்லாததும் அதுதான். அங்கே அறியத் தேவையில்லை, வேலை நடந்துவிடும். நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

நடைமுறையில் என்ன செய்வது? பைபாஸ் எடுத்த மறுநிமிடமே சென்சார் சரியாக அளக்காது. பல நாள் சும்மா கிடந்ததால் தவறாகக் காட்டும். பொறுத்திருந்து சரிபார்க்க வேண்டும். ‘உனக்கு என்ன வேணும்?’ என்று அக்காவிடம் கேட்டால் ‘ஒன்னும் வேணாம் தம்பி, நீங்க நல்லா இருந்தா போதும்’ என்றுதான் பதில் வரும். ஆகவே நாங்கள் கேட்பதை நிறுத்திவிட்டு, வீட்டுத் தவணையை மற்ற மூவரும் பிரித்துக்கொண்டோம். தேதி போட்டு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினோம். அக்காவின் சம்பளம் அக்காவுடையது. முதல் நாலைந்து மாதம் அந்தப் பணத்தில் எங்களுக்குத்தான் சட்டையும் அம்மாவுக்குச் சேலையும் வந்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏழாவது மாதம், முப்பத்தைந்து வயதில், அக்கா நகராட்சி நீச்சல் குளத்தில் நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுத்தார். இவ்வளவு காலமாகத் தண்ணீரைக் கண்டால் அவருக்கு ஆசை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அக்காவுக்கே தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை.

போன தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்குச் சாயம் அடிக்கலாம் என்று பேச்சு வந்தது. எல்லோரும் ஆளுக்கு இருநூறு ரிங்கிட் போடுவதாகக் கணக்கு. அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். “இந்த மாசம் என்னால முடியாது, கிளாசுக்குக் கட்டணும்” என்றார்.

எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டில் அவர் ‘முடியாது’ என்று சொன்னது அதுதான் முதல் முறை. அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை.